2008-ல் பணிவிலக்கம்: 293 படிவமா, 149 படிவமா?

கேள்வி: அமெரிக்கத் தரைப்படையிலிருந்து 2008-ல் வெளியேறியவருக்காக, பணிவிலக்கத்தின் தரத்தை உயர்த்தக் கோரும் மனு தயாரிக்கிறேன். டிடி 214-ல் (பணியிலிருந்து விடுவித்த சான்று) 'அதர் தேன் ஹானரபிள்', அதாவது கண்ணியக் குறைவான விலக்கம் என்று இருக்கிறது. ஆப்கானிஸ்தான் போய்வந்த பிறகு அனுமதியில்லாமல் பணிக்கு வராததே காரணம். இப்போது பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) உறுதியாகியிருக்கிறது. எதில் விண்ணப்பிக்க?

பதில் 1: 293 போகாதுங்க. அது பணிவிலக்க மறுஆய்வு வாரியத்துக்கான படிவம்; அங்கே வெளியேறிய நாளிலிருந்து 15 வருஷம்தான் கெடு. 149 படிவத்தில் பதிவுத் திருத்த வாரியத்துக்கு அனுப்புங்க. அங்கேயும் பிழை தெரிந்ததிலிருந்து 3 வருஷம் என்று கெடு இருக்கு. ஆனா நீதியின் நலன் கருதி வாரியம் அதைத் தளர்த்தலாம். தாமதத்துக்குக் காரணம் கேட்கிற கட்டத்தைக் காலியா விட்டுடாதீங்க.

பதில் 2: இப்படிப்பட்ட மனுக்களை வாரியங்கள் எப்படிப் பார்க்கணும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2017-ல் வெளியிட்ட கர்ட்டா சுற்றறிக்கையின் நாலு கேள்விகளுக்கும் மனு பதில் சொல்லணும்: பாதிப்பு இருந்ததா, பணிக்காலத்திலேயே இருந்ததா, அது நடத்தையை மன்னிக்கவோ தணிக்கவோ செய்யுமா, பணிவிலக்கத்தைவிட அது கனமானதா. பெரும்பாலும் மனு சறுக்குவது மூன்றாவதில்தான். 'இவருக்குப் பிடிஎஸ்டி உள்ளது' என்ற ஒருவரிச் சான்றிதழ் போதாது. தாக்குதல் நடந்த தேதி, தூக்கமின்மை தொடங்கிய மாதம், வராமல்போன நாட்கள், இவற்றை மருத்துவர் ஒரே கடிதத்தில் கோர்த்து, 'முகாமைத் தவிர்த்ததே நோயின் அறிகுறி' என்று எழுதணும். போருக்குப் போகும் முன்பே தண்டனை இருந்தால் இந்த வாதம் அதற்குப் பொருந்தாது. அதற்குத் தனி விளக்கம் வேணும்.

கேட்டவர்: பழைய கோப்பு கையில் இல்லையே?

பதில் 1: ராணுவப் பதிவுகளைக் கேட்கும் எஸ்எஃப் 180 படிவத்தை, செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு முதலில் அனுப்புங்க. பணிக்கோப்பைப் பெயர் சொல்லிக் கேளுங்க. 2008-ல் வெளியேறியவரின் மருத்துவக்கோப்பு முன்னாள் படைவீரர் விவகாரத் துறையிடம் இருக்கும், அதை அங்கே கேளுங்க. இரண்டும் வராமல் மனுவைப் போடாதீங்க.