கண்முன்னே இருந்த கோப்பை "இல்லை" என்ற செயலி: சாண்ட்பாக்ஸ் அனுமதிகளில் எங்கள் அனுபவங்கள்

லினக்ஸில் செயலிகளை நிறுவ உதவும் ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய காணொளித் தொகுப்புச் செயலி ஒன்றில் பழைய திட்டக் கோப்பைத் திறந்த மாலையில் நான் செய்த தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். அதே இடத்தில் வேறு யாரேனும் இன்று தவித்துக்கொண்டிருக்கக்கூடும். வீட்டுக் கோப்புறையில் இருந்த திட்டக் கோப்பு திறந்தது. ஆனால் அதில் இணைத்திருந்த காணொளித் துண்டுகளில் ஒன்றைக்கூடச் செயலியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்பதே அது தந்த பதில். கோப்பு மேலாளரில் பார்த்தால், அத்தனையும் வெளி வன்தட்டில் வைத்த இடத்திலேயே இருந்தன. உரிமைச் சிக்கல்தான் என்று நானாகவே முடிவு செய்து, டெர்மினலில் கோப்பு உரிமைகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை இட்டு, அந்த வன்தட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடுத்துவிட்டேன். செயலி அதே பதிலையே திரும்பச் சொன்னது. என் மற்றப் பணிக் கோப்புகளின் உரிமைகளோ ஒரேயடியாகக் கலைந்துபோயின. அவற்றை மீண்டும் ஒழுங்குபடுத்த மறுநாள் முழுவதும் தேவைப்பட்டது.

அந்தப் பதிலின் சொற்களை நிதானமாக வாசித்திருந்தால் இந்த அலைச்சலே நேர்ந்திருக்காது. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று அது சொல்லவில்லை. "இல்லை" என்றுதான் சொன்னது. ஃபிளாட்பேக் ஒரு செயலியைத் தொடங்கும்போது, பப்பிள்ராப் என்னும் சிறு நிரல் அந்தச் செயலிக்கென்றே தனியாக ஒரு கோப்பு அமைப்பைக் கட்டிக் கொடுக்கிறது. செயலியை இப்படி அடைத்து வைக்கும் தனி வெளிதான் சாண்ட்பாக்ஸ். செயலியின் அனுமதிப் பட்டியலில் உள்ள இடங்கள் மட்டுமே அதற்குள் கொண்டுவந்து இணைக்கப்படுகின்றன. மற்ற இடங்கள் அங்கே பூட்டப்பட்டு இருப்பதில்லை, அங்கே இருப்பதே இல்லை. செயலியின் பார்வையில் இல்லாத ஒரு கோப்புக்கு எத்தனை உரிமை கொடுத்தாலும் பயனில்லை.

இதை எனக்கு விளங்கவைத்தது ஒரே ஒரு சோதனை. ஃபிளாட்பேக் ரன் கட்டளையில், கமாண்ட் என்ற தேர்வுக்கு ஷெல்லின் (நாம் இடும் கட்டளைகளை இயக்கும் நிரல்) பெயரையும் இறுதியில் செயலியின் அடையாளப் பெயரையும் கொடுத்தால், செயலிக்குப் பதிலாக அதன் சாண்ட்பாக்ஸுக்குள்ளேயே ஒரு ஷெல் திறக்கிறது. அங்கிருந்து, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை இட்டுப் பார்த்தேன். வீட்டுக் கோப்புறை முழுவதும் தெரிந்தது. வன்தட்டை எளிதில் அடைவதற்காக நான் முன்பு அமைத்திருந்த குறியீட்டு இணைப்பும் அதன் பெயரோடு தெரிந்தது. ஆனால் அந்த இணைப்புக்குள் நுழைய முயன்றபோது, அது சுட்டிய இடமே அங்கு இல்லை. ஷோ பெர்மிஷன்ஸ் தேர்வோடு ஃபிளாட்பேக் இன்ஃபோ கட்டளையை இட்டதும் காரணம் தெளிவாயிற்று: கோப்பு அனுமதியாக 'ஹோம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. அந்தச் சொல் வீட்டுக் கோப்புறையை மட்டுமே குறிக்கும். ரன் மீடியாவின் கீழோ எம்என்டியின் கீழோ இணைக்கப்படும் வட்டுகள் அதில் அடங்கா.

தீர்வு ஒரு வரிதான். ஃபிளாட்பேக் ஓவர்ரைடு கட்டளையில் யூசர் தேர்வையும், ஃபைல்சிஸ்டம் தேர்வில் அந்த வன்தட்டின் பாதையையும் கொடுத்து, பாதையின் இறுதியில் முக்காற்புள்ளியிட்டு 'ஆர்ஓ' என்று சேர்த்தேன். துண்டுகளைச் செயலி படித்தால் போதும், எழுத வேண்டியதில்லை என்பதால் படிக்க மட்டும் அனுமதித்தேன். இதற்குப் பிறகு செயலியை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும் சாண்ட்பாக்ஸை இந்த மாற்றம் தொடாது.

*

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. என் சிக்கல் இதன் மறுபக்கம். நான் பயன்படுத்திய காணொளி இயக்கிக்குக் கோப்பு அனுமதி எதுவுமே இல்லை. ஆயினும் 'திற' என்ற உரையாடல் பெட்டியில் தேர்ந்தெடுத்த படம் ஓடியது. அதன் பக்கத்திலேயே அதே பெயரில் இருந்த வசனக் கோப்பு மட்டும் ஏறவில்லை. அந்த உரையாடல் பெட்டி செயலியுடையது அன்று, சாண்ட்பாக்ஸுக்கு வெளியே இயங்கும் போர்ட்டல் என்னும் இடைநிலைச் சேவை காட்டுவது என்பதை அப்போதுதான் அறிந்தேன். நாம் சுட்டிய அந்த ஒரு கோப்பை மட்டுமே அது செயலிக்குக் கையளிக்கிறது. சமீபத்திய கோப்புகளின் பட்டியலைப் பார்த்தபோது, படத்தின் பாதை என் கோப்புறையைக் காட்டாமல், /ரன்/யூசர்/1000/டாக் என்று தொடங்கி, நடுவில் பொருளற்ற எழுத்துகளோடு நீண்டிருந்தது. வசனக் கோப்பு அந்தப் பாதையில் இல்லை. எனவே இயக்கிக்கு அது தெரியவும் வழியில்லை.

என்னைக் கேட்டால், இது குறையன்று. பயனரின் விருப்பமே அனுமதியாக மாறும் இந்த முறையை நான் மனதார வரவேற்கிறேன். ஒன்றையொன்று சார்ந்த கோப்புகள் உள்ள பணிகளுக்கு மட்டும் கோப்புறை அனுமதி தனியாகத் தேவைப்படுகிறது. இதற்கு நான் ஃபிளாட்சீல் என்ற வரைகலைச் செயலியைப் பயன்படுத்துகிறேன். போர்ட்டல் வழியே கொடுத்தவை அதில் பாதைகளாகத் தெரிவதில்லை. ஃபிளாட்பேக் டாக்குமெண்ட்ஸ் கட்டளை அவற்றைப் பட்டியலிடும்.

*

ஃபிளாட்பேக்கைப் போலவே செயலிகளை நிறுவும் ஸ்னாப் முறையைப் பயன்படுத்துவோர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உபுண்டுவில் எனக்குக் கிடைத்த பதில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்பதுதான். ஏனெனில் அங்கே தடுப்பது லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர். கணினியின் நிகழ்வுப் பதிவான ஜர்னலில் 'டினைடு' (மறுக்கப்பட்டது) என்ற சொல்லோடு, மறுக்கப்பட்ட பாதையும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. பென்டிரைவை அணுகும் அனுமதியான ரிமூவபிள் மீடியா இணைப்பு பெரும்பாலான செயலிகளுக்குத் தானாக இணைவதில்லை. ஸ்னாப் கனெக்ட் கட்டளையால் நாமே இணைக்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புறைகள் வீட்டுக் கோப்புறையின் முதல் நிலையில் இருந்தால், ஹோம் இணைப்பு அவற்றைத் திறந்துவிடாது.

*

முதலில் எழுதிய நான், மறைவுக் கோப்புறைகள் பற்றிய அந்தக் கடைசிச் செய்தியைப் படித்த பிறகே என் தொகுப்புச் செயலியை மீண்டும் சோதித்தேன். ஃபிளாட்பேக்கின் 'ஹோம்' அனுமதியில் மறைவுக் கோப்புறைகளும் அடங்கும். சாண்ட்பாக்ஸுக்குள் திறந்த ஷெல்லில், வேலை தொடர்பான சர்வர்களுக்குள் நுழைய நான் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் சாவிகள் வரிசையாகத் தெரிந்தன. காணொளி தொகுக்கும் செயலிக்கு அவற்றோடு என்ன வேலை? பேஷ் ஆர்சி கோப்பை மாற்றி எழுதும் உரிமையும் அதற்கு இருந்தது. அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்க்க முடிந்தால், நான் அடுத்த முறை டெர்மினலைத் திறக்கும்போது அந்த வரி சாண்ட்பாக்ஸுக்கு வெளியே இயங்கும். ஆகவே நோஃபைல்சிஸ்டம் தேர்வால் 'ஹோம்' அனுமதியை நீக்கிவிட்டு, திட்டக் கோப்புகளுக்கென ஒரு கோப்புறையை மட்டும் எழுதும் உரிமையோடு கொடுத்தேன். பின்னர் அதே ஷெல்லில் எஸ்எஸ்எச் கோப்புறையைத் தேடினேன். "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்று பதில் வந்தது.