கலைச்சொல்: தஃபூரியின் 'கிரீத்திகா ஓப்பெராத்தீவா' – 'செயல்நோக்குத் திறனாய்வு' என முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இத்தாலியக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் மன்ஃப்ரேதோ தஃபூரி 1968இல் வெளியிட்ட 'கட்டடக்கலையின் கோட்பாடுகளும் வரலாறும்' என்ற நூலின் நான்காம் இயலுக்குத் தலைப்பாக அமைந்த 'கிரீத்திகா ஓப்பெராத்தீவா' என்னும் இத்தாலியத் தொடருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இவ்விழையில் இதுவரை செயல்முறைத் திறனாய்வு, செயல்பாட்டு விமர்சனம், ஆக்கமுறை விமர்சனம் ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றுக்கும் பின்னால் உழைப்பு இருக்கிறது. ஆனால் மூன்றையும் என்னால் வழிமொழிய இயலவில்லை. அதற்கான காரணங்களைச் சொல்லுமுன், தஃபூரி இத்தொடரால் எதைக் குறித்தார் என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். அகராதியில் தேடிப் பொருள் காணக்கூடிய சொல்லாக இது இல்லை. ஒரு வாதத்தின் சுருக்கமாகவே இது வழங்கி வருகிறது.

கட்டடங்களின் வரலாற்றை ஆராய்வதுபோலத் தோன்றினாலும், இனி எழவேண்டிய கட்டடங்கள் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை முன்னதாகவே முடிவுசெய்துகொண்டு, அம்முடிவுக்கு ஏற்றவாறு கடந்தகாலத்தைத் தெரிந்தும் திரித்தும் அடுக்குகிற எழுத்தையே தஃபூரி இப்பெயரால் அழைத்தார். வரலாறும் வடிவமைப்பும் சந்திக்கும் இடம் இது என்பதும், இங்கே கடந்தகாலமே எதிர்காலத்தை நோக்கித் திட்டமிடப்படுகிறது என்பதும் அவர் தரும் விளக்கம். இருபதாம் நூற்றாண்டில் பிறந்த பழக்கமாகவும் அவர் இதைக் கருதவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய பெல்லோரியிடமே இதன் தொடக்கத்தைக் காண்கிறார்.

எடுத்துக்காட்டு ஒன்றை அருகிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். சுவிஸ் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் சிக்ஃபிரீட் கீடியோன் 1941இல் வெளியிட்ட 'வெளி, காலம், கட்டடக்கலை' என்ற நூலில், ரோம் நகரில் பதினேழாம் நூற்றாண்டில் பொரோமினி கட்டிய சாந்த்'இவோ தேவாலயத்தின் உச்சியில் சுருள்சுருளாக ஏறிச்செல்லும் கூம்பையும், ரஷ்யக் கலைஞர் விளாதிமிர் தாத்லின் 1919–20இல், உலகப் பொதுவுடைமைக் கட்சிகளின் கூட்டமைப்பான மூன்றாம் அகிலத்துக்கென வடிவமைத்த சுருள்கோபுரத்தையும் இணைத்துக் காட்டினார். முன்னது போப்பாண்டவரின் நகரில் ஒரு பல்கலைக்கழகத்துக்காக எழுந்த ஆலயம். பின்னது புரட்சி அரசு கனவு கண்டு, கட்டப்படாமலே போன இரும்புக் கோபுரம். கட்டச் சொன்னவர், கட்டுமானப் பொருள், சுருளுக்கு அவரவர் காலத்தில் இருந்த பொருள் ஆகிய எதிலும் இவ்விரண்டுக்கும் உறவில்லை. எனினும் பக்கத்தைத் திறக்கும் வாசகனின் கண்ணுக்கு, பரோக் காலத்தில் விழுந்த விதை மூன்று நூற்றாண்டு கழித்து முளைத்ததுபோன்ற எண்ணம் உறுதியாகப் பதிந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடக்கலை இயக்கத்துக்கு ஒரு குலமுறை தேவைப்பட்டது; வரலாற்றாசிரியர் அதை வரைந்து கொடுத்தார்.

இத்தாலியக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் புரூனோ ட்ஸேவியின் எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. என்னைப் பொறுத்தவரை இன்னும் மதிக்கத்தக்கதும்கூட. 1938இல் பாசிச அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களுக்குப் பின் இத்தாலியை விட்டு வெளியேறி, ஹார்வர்டில் படித்து, போர் முடியுமுன்பே நாடு திரும்பிய யூதர் அவர். 1945இல் அவர் எழுதிய 'உயிரியக்கக் கட்டடக்கலையை நோக்கி' என்ற நூலின் தலைப்பே எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கைகாட்டுகிறது. பாசிசம் தனக்கென எடுத்துக்கொண்ட சமச்சீர்மைக்கும் பெருந்தூண் வரிசைக்கும் எதிராக, அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் வீடுகளில் அவர் ஒரு மக்களாட்சி மொழியைக் கண்டார். மிக்கேலாஞ்சலோ இறந்த நானூறாம் ஆண்டான 1964இல் ரோமில் நடந்த கண்காட்சியில், அவருடைய கட்டடங்களை இக்காலச் சிற்பங்கள்போல் மாற்றியமைத்துக் காட்டிய மாதிரியுருக்கள் வைக்கப்பட்டிருந்தன. அவை வெனிஸில் ட்ஸேவியிடம் பயின்ற மாணவர்கள் செய்தவை. ஃபிளாரன்ஸ் நகர் முற்றுகைக்கு அஞ்சிய நாள்களில், பீரங்கிக் குண்டுகள் பாயும் கோணங்களைக் கணித்து மிக்கேலாஞ்சலோ வரைந்த கொத்தளங்களின் வரைபடங்களை, கட்டுத்தளை அறுத்த வெளியின் முன்னோடிகளாக ட்ஸேவி படித்தார். வரைபலகையின் முன் நிற்கும் இளைஞனுக்கு அது பெரும் ஊக்கம். ஆனால் அந்த வளைவுகள் ஏன் அப்படி வளைந்தன என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை.

நண்பர் ஒருவர் இவ்விழையில் எழுதியிருந்தது இது:

> தஃபூரி இந்தத் தொடரை ஒரு வசையாகத்தான் பயன்படுத்தினார். எனவே தமிழிலும் 'திரிப்பு' என்ற பொருள் சொல்லிலேயே தெரியவேண்டும்.

இதனோடு நான் உடன்படவில்லை. திரித்தல் என்ற குற்றச்சாட்டு தஃபூரியின் விளக்கத்தில் இருப்பது உண்மையே. ஆனால் கீடியோன், ட்ஸேவி ஆகியோரின் வரலாற்று நூல்கள் வரலாற்றுக்கு அளித்த கொடைகளாகவும், தம்மளவில் கட்டடக்கலைத் திட்டங்களாகவும் ஒருங்கே திகழ்ந்தன என்பதையும் அவரே ஏற்றுக்கொள்கிறார். போராட்டச் சூழலில் அவ்வகை எழுத்துக்கு ஒரு பணி இருந்தது; அச்சூழல் மாறியபின்னும் அதே பணியை வரலாற்றாசிரியனிடம் எதிர்பார்ப்பது அவனுடைய உண்மையான வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதே அவர் வாதத்தின் உள்ளடக்கம். ஆகவே சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால், வாதத்தை நடத்துவதற்கு இடமே இராது. ட்ஸேவியின் மாணவர் ஒருவர் இதே சொல்லைப் பெருமையோடு தமக்குச் சூட்டிக்கொள்ளவும் இயலவேண்டும்.

இனி, முன்மொழியப்பட்டவற்றைப் பார்ப்போம். 'செயல்முறைத் திறனாய்வு' என்பது இலக்கியப் பாடத்தில், ஒரு கவிதையை நேரடியாக எடுத்துவைத்து நுணுகிப் படிக்கும் முறைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. அதைப் பிடுங்கி வேறொன்றுக்குச் சூட்டுவது குழப்பத்தையே தரும். 'செயல்பாட்டு விமர்சனம்' இத்துறையில் இன்னும் ஆபத்தானது. ஒரு கட்டடத்தின் வடிவம் அதன் பயன்பாட்டிலிருந்து பிறக்கவேண்டும் என்ற கொள்கையைச் செயல்பாட்டியம் என்று எழுதிவருகிறோம். எனவே செயல்பாட்டு விமர்சனம் என்றதும், சமையலறை பக்கவாட்டில் இருக்கலாமா, படிக்கட்டு போதிய அகலமா என்று ஆராய்வதாகவே படிப்பவர் கொள்வார். 'ஆக்கமுறை விமர்சனம்' என்பதோ அன்றாடப் பேச்சில் உள்ள 'ஆக்கபூர்வமான விமர்சனம்' என்பதன் நிழலிலிருந்து தப்பவே முடியாது. மேலும் அது பாராட்டுச் சொல்லாக ஒலிக்கிறது.

'செயல்நோக்குத் திறனாய்வு' என்று நான் முன்மொழிவதற்குக் காரணம், 'நோக்கு' என்பதில் பார்வையும் குறிக்கோளும் ஒருசேர இருப்பதுதான். பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே முன்னோக்கிக் குறிவைக்கும் எழுத்துக்கு இதைவிடப் பொருந்தும் உறுப்பு எனக்குத் தென்படவில்லை. 'வடிவமைப்புநோக்கு' என்றும் எண்ணிப் பார்த்தேன். கட்டடக்கலைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஆயினும் தஃபூரியின் வரையறை கலைகள் அனைத்தையும் தழுவியது. பெல்லோரியின் ஓவியர்களை அச்சொல் வெளியே தள்ளிவிடும். 'வினைநோக்கு' சுருக்கமானது, பழந்தமிழ்ச் சுவையும் உடையது. எனினும் இன்றைய காதுக்கு வினை என்றால் ஊழ்வினையும் செய்வினையும்தான் முதலில் வந்து நிற்கின்றன. செயல்நோக்கு என்றால் அரசியல் களப்பணி என்று சிலர் கொள்ளக்கூடும் என்ற தடையை ஏற்கிறேன்; முதல் வரையறையிலேயே அதை விலக்கிவிடலாம். இதற்கு இணையாகவும் எதிராகவும் தஃபூரி வைக்கும் தொடரை 'வரலாற்றுத் திறனாய்வு' என்றால் இரண்டும் சொற்றொடரில் ஒன்றையொன்று நேர்கொண்டு நிற்கும்.

திறனாய்வா விமர்சனமா என்ற கேள்விக்கு வருகிறேன். இத்தாலிய மொழியில், இத்தொடரிலும் தஃபூரி பின்னர் கருத்தியலைப் பற்றி ஆண்ட தொடரிலும் 'கிரீத்திகா' என்ற ஒரே சொல்தான் வருகிறது என்றாலும், தமிழில் பிரித்து ஆள்வதே நல்லது என்பது என் கருத்து. தஃபூரி 1969இல் 'கோந்த்ரோபியானோ' என்ற இத்தாலிய இதழில் எழுதிப் பின்னர் 1973இல் 'திட்டமும் கற்பனையுலகும்' என்ற நூலாக விரித்த கட்டுரையின் பொருள், முதலாளிய வளர்ச்சிக்குள் கட்டடக்கலை என்ற கருத்தியல் ஆற்றிய பணி. அங்கே வரும் தொடரை, மார்க்சிய நூல்களின் தமிழாக்கங்கள் வழியே வேரூன்றிவிட்ட 'விமர்சனம்' கொண்டு 'கருத்தியல்மீதான விமர்சனம்' என்றே எழுதவேண்டும்; வெறுமனே 'கருத்தியல் விமர்சனம்' என்றால் கருத்தியல் சார்ந்து செய்யப்படும் விமர்சனம் என்று தலைகீழாகிவிடும். துறையாகவும் எழுத்துவகையாகவும் வருமிடங்களில் திறனாய்வு என்போம்.

இத்தனை நுணுக்கம் தேவையா என்று கேட்கப்பட்டது. தஃபூரியின் செல்வாக்கு பரவிய விதத்தைப் பார்த்தால் தேவை என்றே எண்ணுகிறேன். அவருடைய 1973ஆம் ஆண்டு நூல் 1976இல் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. 1968இல் வந்த அடிப்படை நூலோ 1980இல்தான் வந்தது. நியூயார்க்கின் 'ஆப்பொசிஷன்ஸ்' இதழ் வழியாக அவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர்களிடையே பெரும் பெயராகிவிட்ட பிறகே அவருடைய முறையியல் அவர்களுக்குப் படிக்கக் கிடைத்தது. விளைவாக, கட்டடக்கலை செத்துவிட்டதென அறிவித்தவர் என்ற முத்திரை அவர்மேல் விழுந்தது. அந்த வாசிப்பை அவரே முன்னுரை ஒன்றில் மறுத்தெழுத நேர்ந்தது. அவர் கேட்டது வேறொன்று: வடிவமைப்பாளனுக்கு முன்மாதிரிகளைப் பொறுக்கிக் கொடுக்கும் கடமை வரலாற்றாசிரியனுக்கு இல்லை என்பதே அது. 1968 முதல் 1994இல் இறக்கும்வரை வெனிஸில் கற்பித்த அவர், பிற்காலத்தில் சமகாலக் கட்டடங்களைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, மறுமலர்ச்சிக்கால வெனிஸின் ஆவணங்களுக்குள்ளும், போப்பாண்டவர்களும் அரசர்களும் நகரங்களை மாற்றிய வரலாற்றுக்குள்ளும் இறங்கியதை இதன் தொடர்ச்சியாகவே நான் படிக்கிறேன். அவரோடு கடுமையாக முரண்படுகிறவர்கள்கூட, தாம் எழுதுவது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியை அவர் வகுத்த சொற்களாலேயே கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

குழுவின் சொற்பட்டியலுக்கு இவ்வரையறையைப் பரிந்துரைக்கிறேன்:

செயல்நோக்குத் திறனாய்வு – கலையிலோ கட்டடக்கலையிலோ வரவேண்டிய ஒரு போக்கை நிலைநாட்டும் பொருட்டு, கடந்தகாலப் படைப்புகளை அப்போக்கின் முன்னோடிகளாகத் தெரிவுசெய்து விளக்கும் எழுத்து. எதிர்ச்சொல்: வரலாற்றுத் திறனாய்வு. செய்பவர்: செயல்நோக்குத் திறனாய்வாளர்.

'தெரிவுசெய்து' என்ற இடத்தில் 'திரித்து' என்பதையும் சேர்க்கவேண்டும் என்று வாதிடுவோர் இருப்பர் என அறிவேன். தஃபூரியின் சொந்த வரையறையில் அது இருப்பதால், அதை வரையறைக்குள் வைப்பதா, 'தஃபூரியின் பார்வையில்' எனத் தனிக்குறிப்பாகத் தருவதா என்பதில் மட்டும் குழுவின் கருத்தைக் கேட்கிறேன்.

அன்புடன்.