புதுப்பிப்பு: குழுவிடம் கதை சொல்லிப் பார்த்தேன்

நான் புதிதாகப் பொறுப்பேற்ற குழுவில் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ‘உங்கள் அனுபவத்தைக் கதையாகச் சொல்லுங்கள்’ என்றார்கள் பலர்.

சொன்னேன். முதல் வேலையில் வாடிக்கையாளர் முன் என் குரல் நடுங்கியதையும், மேலாளர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தியதையும். அப்புறம், எப்போதும் ஓரமாக உட்காரும் பெண் தன் வேலை தள்ளிப்போவதைத் தானாகவே எடுத்துச் சொன்னார்!

உளவியலாளர் ஆர்தர் ஆரோன் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவர் 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொல்வார்கள்; கேள்விகள் போகப்போக அந்தரங்கமாகும், நெருக்கமும் கூடும். அந்த ‘மாறி மாறி’தான் உயிர்நாடி என்பேன். அதனால் இப்போது என் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு என் குழுவில் இருப்பவர்களைப் பேசவிடுகிறேன்.

ஒருவர் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. சரி, அவரை அவசரப்படுத்தப் போவதில்லை.