புதுப்பிப்பு: கோட்டை லவ் கேக் மட்டக்களப்பு வந்து சேர்ந்தது

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் லவ் கேக் வாங்கி உதயதேவி ரயிலில் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தால் பழுதாகுமா என்று போன கிழமை கேட்டிருந்தேன். ஆகவில்லை. ரவை, கஜு, நீற்றுப்பூசணி இனிப்பு, தேன் எல்லாம் சேர்ந்த ஈரமான கேக். ஐசிங் இல்லை, உருக எதுவுமில்லை. கிறீம் கேக் வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி.

பிழை என்னுடையது. பெட்டியை மேல் தட்டில் வைத்தேன். மாகோ சந்தி ஸ்டேஷனில் யாரோ அதன்மேல் பையை ஏற்றிவிட்டார்கள். ஒரு மூலை சப்பை. ஆனால் பன்னீர் வாசம் அப்படியே இருந்தது, கஜு பல்லில் கடிபட்டது.

அம்மம்மா ஒரு கடி கடித்துவிட்டு, "இதென்ன மனே, கேசரியச் சுட்டு வச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். அப்புறம் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார். விலைதான் கொஞ்சம் கூட. சரி, ஸ்டேஷன் கடைதானே.