பழைய ட்ரெக்கிங் பேக் பொழச்சுருச்சு (புதுப்பிப்பு)

போன மாசம் என் 50 லிட்டர் ட்ரெக்கிங் பேக் பத்தி கேட்டிருந்தேன்ல, உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டுது, இடுப்பு பெல்ட் அமுங்கி தட்டையாயிடுச்சு, தூக்கிப் போடவா வச்சுக்கவான்னு. வச்சுக்கிட்டேன், ரொம்ப சந்தோஷம்.

பிசுபிசுப்புக்கு காரணம் துணிக்கு உள்ள பூசியிருக்கிற பாலியூரித்தேன் கோட்டிங், காத்துல இருக்கிற ஈரம் பட்டு பட்டு வருஷக்கணக்குல அது சிதைஞ்சிடுது, துணி கெடல. பேக்க உள்வெளியா திருப்பி வெதுவெதுப்பான தண்ணில சமையல் சோடா கரைச்சு ஊற வச்சு பிரஷ்ஷால தேய்ச்சேன், மூணு தடவ, கை விட்டுப்போச்சு, ஆனா மொத்தமும் உரிஞ்சு வந்துருச்சு. இனி துணி தண்ணிய தடுக்காது, அதனால உள்ள தடிமனான பெரிய பிளாஸ்டிக் பை ஒண்ணு போட்டு வாய முறுக்கி மடிச்சுடறேன். மழை கவர விட இதத்தான் நம்புவேன், கவர் போட்டாலும் முதுகுப் பக்கமா தண்ணி இறங்கிடும்.

பெல்ட் தையல பிரிச்சு பழைய யோகா மேட்ட ரெண்டு அடுக்கா வெட்டி சொருகினேன். தைக்கிறதுக்கு மட்டும் தெருமுனைல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட போனேன், அவரோட நைலான் நூல் பலம் வீட்டு நூலுக்கு வராது, உடைஞ்ச பக்கிளையும் அவரே மாத்திக் குடுத்தாரு. எல்லாம் சேத்து 280 ரூபா.

ஞாயித்துக்கெழம 7 கிலோ போட்டு பர்வதமலை ஏறினேன், பாறைல இரும்புக் கம்பி அடிச்சு வச்சிருக்கிற செங்குத்தான கடப்பாறைப் படில கூட தோள்பட்ட வலிக்கல, வெயிட்டு முழுக்க இடுப்புல உக்காந்துச்சு. நெஞ்சு ஸ்ட்ராப் மட்டும் நடக்க நடக்க லூசாகுது, யாராச்சும் சரி பண்ணிருந்தா சொல்லுங்க.