சிட்டி பிளான்ல இனச் சமத்துவம், வீடு, க்ளைமேட் மூணையும் ஏன் ஒண்ணா கட்டி வச்சிருக்காங்க?

புதுக்குடி:
அமெரிக்கால ஒரு நடுத்தர ஊர்ல இருக்கேன், பெருமழை வந்தா பாதி ஊர் தண்ணில நிக்கும். அடுத்த வாரம் சிட்டி கவுன்சில்ல ஒரு பிளான் ஓட்டுக்கு வருது, இனச் சமத்துவம், வீட்டு வசதி, க்ளைமேட் பாதிப்பைத் தாங்கறது எல்லாம் ஒரே புக்குல. பக்கத்து வீட்டுக்காரர் "மழைக்கு தோல் நிறம் தெரியுமா, எல்லாம் அரசியல்"ங்கறார். எனக்கும் பாதி அப்படித்தான் தோணுது. நிஜமாவே ஒரு முனிசிபாலிட்டி கையில இதுக்கெல்லாம் என்ன பவர் இருக்கு? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேப்_கிறுக்கன்:
மழைக்கு தெரியாது பாஸ், ஆனா வாய்க்கால் எந்தத் தெருவுக்கு முதல்ல போடணும்னு முடிவு பண்ணவனுக்கு தெரிஞ்சிருந்துச்சு. 1930கள்ல ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன்னு ஒரு ஃபெடரல் ஏஜென்சி 200க்கும் மேல ஊர்களுக்கு மேப் போட்டு ஏரியாக்களுக்கு ஏ-ல இருந்து டி வரைக்கும் கிரேடு குடுத்துச்சு. டி-ன்னா சிவப்பு, அங்க கடன் குடுக்கறது ரிஸ்க்னு அர்த்தம். கறுப்பின மக்கள் இருந்த ஏரியா அநேகமா எல்லாமே சிவப்புதான். கடன் கிடைக்காத இடத்துல நிலம் மலிவு, மலிவான இடத்துலதான் ஃப்ரீவே, ஃபேக்டரி, கோடவுன் எல்லாம் வரும், மரம் வராது. செயின்ட் பால்ல ராண்டோன்னு ஒரு கறுப்பின ஏரியா, அது நடுவுலயே ஐ-94 ஹைவேயை விட்டு ரெண்டா பொளந்தாங்க. 2020ல 108 ஊர்களை எடுத்து ஒரு ஆய்வு பண்ணாங்க, 94 சதவீத ஊர்கள்ல அந்த பழைய சிவப்பு ஏரியாக்கள் மத்த ஏரியாக்களை விட சூடு, சராசரியா 2.6 டிகிரி செல்சியஸ். மேப் போட்டு 80 வருஷம் ஆகியும் தார் ரோடு இன்னும் கொதிக்குது. மூணையும் ஒண்ணா வைக்கறதுக்கு காரணம் இதான், மூணும் ஒரே தெருவுலதான் உக்காந்திருக்கு.

வெள்ளம்_பாத்தவன்:
ஹூஸ்டன் பக்கம் இருக்கேன், நான் ஃபார்முலா பத்தி சொல்றேன், ஏன்னா யாரும் அதைப் படிக்க மாட்டாங்க. வெள்ளத் தடுப்பு வேலைக்கு காசு ஒதுக்கும்போது எவ்வளவு செலவு, எவ்வளவு நஷ்டம் தடுப்போம்னு கணக்கு பாப்பாங்க. கேக்க நியாயமா இருக்கும். ஆனா 8 லட்சம் டாலர் வீட்டுக்குள்ள ரெண்டடி தண்ணி வந்தா நஷ்டம் பெருசு, 90 ஆயிரம் டாலர் வீட்டுக்குள்ள அதே ரெண்டடி வந்தா கணக்குல சின்னது. அந்த சின்ன வீட்டுக்காரர் அதுக்கப்புறம் எழுந்திரிக்கவே மாட்டார்ங்கறது அந்தக் கணக்குல எந்தக் கட்டத்துலயும் வராது. இதுல யாரும் இனம்ங்கற வார்த்தையவே எழுதல, ஆனா பழைய சிவப்பு ஏரியா எப்பவும் வரிசைல கடைசி. ஹார்வி புயல் வந்து சரியா ஒரு வருஷத்துல, 2018 ஆகஸ்ட்ல, ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) மக்கள் வெள்ளத் தடுப்புக்காக 250 கோடி டாலர் பாண்டுக்கு, அதாவது கவுண்டி கடன் வாங்கறதுக்கு, சரின்னு ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் எந்த வேலை முதல்லன்னு முடிவு பண்ண அந்த ஏரியா மக்களால அடியைத் தாங்க முடியுமாங்கறதுக்கும் மார்க் குடுக்க ஆரம்பிச்சாங்க, பயங்கர சண்டை நடந்துச்சு. ஆனா இது கவுண்டியே தன் கையால மாத்தினது, வாஷிங்டனை யாரும் கேக்கல. ஆனா மேல இருக்கற ஸ்டேட் கை விரிச்சா கஷ்டம்தான். 2021ல டெக்சாஸ் ஸ்டேட் ஏஜென்சி வெள்ளத் தடுப்புக்குப் பிரிச்ச முதல் 100 கோடி டாலர்ல ஹூஸ்டன் சிட்டிக்கு கிடைச்சது சைபர்.

சந்தேகப்பிராணி:
எல்லாம் சரி தோழர்களே, மரம் நட்டு வாய்க்கால் வெட்டி பார்க் போட்டா அடுத்து என்ன நடக்கும்? வாடகை ஏறும், இருந்தவங்க கிளம்பணும். மயாமில லிபர்ட்டி சிட்டி ஏரியா கடலோரத்தை விட மேடு. ஒரு காலத்துல கறுப்பின மக்களை பீச் பக்கம் விடாம உள்ள தள்ளி வச்ச இடம்தான் அது, இப்ப கடல் ஏறுதுன்னதும் மேட்டு நிலத்துக்கு மவுசு. அதனால நிலம் யார் கையிலன்னு பேசாம க்ளைமேட் பிளான் போட்டா அது கடைசில விரட்டற பிளான்தான். உருப்படியா ஒண்ணு சொல்லணும்னா வெர்மான்ட்ல பர்லிங்டன். 1984ல சிட்டியே 2 லட்சம் டாலர் போட்டு ஒரு லேண்ட் டிரஸ்ட் ஆரம்பிச்சு விட்டுச்சு. நிலம் டிரஸ்டோடது, வீடு மட்டும் உங்களோடது, விக்கும்போது ஏறின விலைல ஒரு பங்குதான் உங்களுக்கு, அடுத்து வர்றவருக்கும் மலிவாவே கிடைக்கும். பணம் பண்ணணும்னு நினைக்கறவங்களுக்கு இது பிடிக்காது, பரவாயில்ல.

மினியாபொலிஸ்_குளிர்:
அண்ணா சொல்றது சரி, ஆனா வீடே கட்டாம வாடகைய அடக்க முடியாது. இங்க 2018ல ஒரு மனைக்கு ஒரே வீடுதான்ங்கற ரூலை எடுத்து மூணு வரைக்கும் கட்டலாம்னு முடிவு பண்ணாங்க, அப்புறம் பார்க்கிங் இவ்வளவு விடணும்ங்கற கட்டாயத்தையும் எடுத்தாங்க. உண்மைய சொல்லணும்னா மூணு வீடு கட்டலாம்னு சொன்னதுல பெருசா ஒண்ணும் வரல, பஸ் ரூட் ஓரமா அபார்ட்மென்ட் வந்ததுதான் வேலை செஞ்சுச்சு. காசுக்கு போர்ட்லாண்டைப் பாருங்க, 2018ல ஓட்டு வச்சு பெரிய பெரிய சில்லறை வணிக கம்பெனிகளோட அந்த ஊர் விற்பனைல 1 சதவீதம் வாங்கி க்ளைமேட் ஃபண்ட் ஆக்கினாங்க. ஃபெடரல் க்ளைமேட் காசோட பலன்ல 40 சதவீதம் பின்தங்கின ஏரியாக்களுக்குப் போகணும்னு ஜஸ்டிஸ்40ன்னு ஒண்ணு இருந்தது, அது 2025 ஜனவரியோட போச்சு, இனி ஊர் காசுதான்.

புதுக்குடி:
எல்லாருக்கும் நன்றி. அந்த ஃபார்முலா விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது. பிளான்ல தேடிப் பாத்தேன், சமத்துவம்ங்கற வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் இருக்கு, எந்த வேலை முதல்லன்னு எப்படி முடிவு பண்றாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. இதை மீட்டிங்ல எப்படி கேக்கறது?

வெள்ளம்_பாத்தவன்:
அதை அப்படியே கேளுங்க. "வரிசை போடற மார்க் ஷீட்டை வெளியிடுங்க, வீட்டு விலைக்கு எவ்வளவு மார்க், வாடகைக்கு இருக்கறவங்க கணக்குல வர்றாங்களா"ன்னு. பேச ரெண்டு இல்ல மூணு நிமிஷம்தான் தருவாங்க, பேர் முன்னாடியே குடுக்கணும், எழுதியும் அனுப்பிடுங்க, அப்பதான் ரெக்கார்டுல ஏறும். முடிஞ்சா தாழ்வான தெருவுல இருக்கற ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க, சாயங்கால மீட்டிங்னா அவங்க ஷிப்ட்ல இருப்பாங்க, அதையும் ஒரு கம்ப்ளெயின்டா சொல்லிடுங்க.