‘அனுமதி மறுக்கப்பட்டது’: மறுத்தது யார்?

நண்பர்களே, வணக்கம்.

கணினி காட்டும் ‘பெர்மிஷன் டினைட்’ என்ற பிழைச்செய்திக்கும் அதைச் சுற்றியுள்ள சொற்களுக்கும் நம் மொழிபெயர்ப்புச் சொற்பட்டியலில் எந்தத் தமிழை வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன், சனிக்கிழமை வகுப்பில் நடந்ததற்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மொரீசியசில், கத்ர் போர்னில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு ஆறு பழைய மடிக்கணினிகள் நன்கொடையாக வந்தன. எல்லாவற்றிலும் உபுண்டு இயங்குதளம், இடைமுகம் பிரெஞ்சில். தமிழ் எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி எழுத்துருக் கோப்புறையை எடுத்து நேரே அமைப்பின் பொது எழுத்துரு இடத்தில் ஒட்டப் பார்த்தாள். உடனே திரையில் ‘பெர்மிஸியோன் நோன் அகோர்தே’, அனுமதி தரப்படவில்லை என்று பிரெஞ்சில். பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டுக் கிரியோலில், “பெனா த்ர்வா” என்றான், உரிமை இல்லையாம். அவளோ என் பக்கம் திரும்பித் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்: “மிஸ், யார் வேண்டாம் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. அந்தக் கோப்புறை ரூட்டுக்கு, அதாவது கணினியின் தலைமைப் பயனருக்குச் சொந்தம், அதன் அனுமதி எண் 755. அதாவது சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம், நுழையலாம். மற்றவர்கள் படிக்கலாம், நுழையலாம், எழுத முடியாது. இயங்குதளத்தின் கருவான கர்னல் அந்த எண்ணைப் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே ஒருவர் உட்கார்ந்து மனுவைப் படித்துவிட்டு ‘முடியாது’ என்று எழுதவில்லை. நாம் பல காலமாக எழுதிவரும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பது அப்படி ஓர் அதிகாரியைக் கற்பனை செய்ய வைக்கிறது. ‘அனுமதி இல்லை’ என்றால் போதும். சின்ன வாக்கியம், உண்மையான வாக்கியம், செயப்பாட்டு வினையும் ஒழிந்தது.

இனி பெயர்ச்சொல்லுக்கு வருகிறேன். இந்த இழையில் ரீயூனியன் தீவு நண்பர் ‘அனுமதி’க்குப் பதில் ‘உரிமை’ என்கிறார். அவருக்கும் எனக்கும் காதில் ஒலிப்பது ஒரே பிரெஞ்சுதான், கோப்பின் த்ருவா (உரிமை) என்று சொல்லியே பழகிவிட்டோம், ஆகவே அவர் எங்கிருந்து வருகிறார் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மென்பொருளை நிறுவும்போது என்ன நடக்கிறது பாருங்கள். முதல் திரையில் உரிம ஒப்பந்தம். அப்புறம் கோப்பின் உரிமையாளர் யார் என்ற கேள்வி. கடைசியில் உரிமை இல்லை என்று பிழை. உரிமம், உரிமையாளர், உரிமை மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் எங்கள் பிள்ளைகள் மூன்றையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உரிமத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம், அது வேரூன்றிவிட்டது. உரிமையாளருக்குப் பதில் ‘உடையவர்’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. இராமானுசருக்கு அந்தப் பெயர் உண்டே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். உண்டு. அவர் நம் கோப்புகளைத் தொட மாட்டார் என்று நம்புவோம்.

டர்பனிலிருந்து எழுதிய ஐயா ‘உத்தரவு’ என்று சொன்னது எனக்கு உள்ளூரப் பிடித்தது. காவடி எடுக்கும் முன் சாமியிடம் உத்தரவு கேட்பது இங்கேயும் எல்லாருக்கும் தெரியும், விளக்கம் சொல்லவே வேண்டாம். ஆனால் கணினியின் முனையச் சாளரத்தில் நாம் அடிப்பதே கட்டளை. கட்டளைக்கு உத்தரவு இல்லை என்று பிழை வந்தால் படிப்பவருக்குத் தலை சுற்றும். ‘இசைவு’ அழகான சொல், மறுக்கவில்லை, ‘படிப்பிசைவு’ என்று ஒட்டினாலும் நன்றாக நிற்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், இரண்டு பேர் ஒலிபெருக்கியைத் தேடினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இசை என்றால் தேவாரமும் மத்தளமும்தான். ஆகவே பழைய ‘அனுமதி’யே இருக்கட்டும், வடசொல் என்ற குறை எனக்கு இல்லை.

எல்லாரும் தாண்டிப் போன ஒன்று இருக்கிறது. உபுண்டுவில் பிழை எண் 13 வேறு, பிழை எண் 1 வேறு. 13 என்பது கோப்பில் அந்த அனுமதி இல்லை என்பது. 1 என்பது அந்தச் செயலே கூடாது என்பது. சாதாரணப் பயனர் ஒரு கோப்பின் உடையவரை மாற்றப் போனால் வருவது இதுதான். முன்பு ஒருவர் இதற்கு ‘இடமில்லை’ என்று எழுதினார். ஐயையோ, வேண்டாம், வட்டு நிறைந்துவிட்டது என்று நினைத்துப் படங்களை அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். ‘அதிகாரம் இல்லை’ என்று நானே முதலில் குறித்து வைத்தேன், பிறகு அடித்துவிட்டேன்: மாற்ற முடியாதபடி பூட்டிய கோப்பை அழிக்கப் போனால் ரூட்டுக்கும் இதே பிழைதான் வருகிறது, எல்லா அதிகாரமும் உள்ளவரிடம் அதிகாரம் இல்லை என்பது பொய். ‘இச்செயல் கூடாது’ என்று வைத்துவிடலாம். கொஞ்சம் வாத்தியார் குரலில் இருக்கிறது, பரவாயில்லை.

வாக்கியத்தைத் திருத்தினால் பாதி வேலைதான் முடியும் என்பதற்குச் சனிக்கிழமையின் மீதிக் கதை. உதவிக்கு வந்த தம்பி சூடோ (ரூட்டாகக் கட்டளை இயக்கும் வழி) போட்டு எல்லாவற்றையும் பொது இடத்துக்கு நகலெடுத்தான், அப்புறம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கோப்புறையோடு சேர்த்து அத்தனைக்கும் 644 கொடுத்தான். அவன் ரூட்டாகப் பார்த்தால் எல்லாம் சரி. பிள்ளைகள் பக்கத்தில் கோப்பின் பெயர்கள் தெரிகின்றன, அளவும் தேதியும் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள், எழுத்துரு ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் முழித்தோம். 755இல் எல்லாருக்கும் இருந்த எக்ஸ் (x) என்ற அனுமதி 644இல் போய்விட்டது. கோப்பில் எக்ஸ் என்றால் இயக்கலாம் என்று பொருள், கோப்புறையில் அதற்குப் பொருளே வேறு, உள்ளே கால் வைக்கலாம் என்பது. நம் பட்டியலிலோ இரண்டுக்கும் ‘இயக்க அனுமதி’ என்று ஒரே சொல். கோப்புறையை எப்படி ஐயா இயக்குவது? அதற்கு ‘நுழைவு அனுமதி’ என்று இருந்திருந்தால் அந்தத் தம்பி 644 அடிக்கும் முன் ஒரு கணம் நின்றிருப்பான். (அனுமதி மாற்றும் கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் (X) போட்டால் கோப்புறைகளுக்கும் ஏற்கெனவே இயங்கும் கோப்புகளுக்கும் மட்டும் அது சேரும், அப்படித்தான் சரிசெய்தோம். உண்மையில் சூடோவே தேவைப்பட்டிருக்காது, அவரவர் வீட்டுக் கோப்புறையிலேயே எழுத்துருக்களுக்கு ஓர் இடம் உண்டு.)

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கிறவர்களுக்கு: 1998இல் தமிழை ஓர் இடம் கீழே இறக்கி அச்சிட்ட ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்த ஊர்க்காரி நான்.

ஆகப் பட்டியலில் நான் மாற்றியிருப்பவை உடையவர், அனுமதி இல்லை, இச்செயல் கூடாது, நுழைவு அனுமதி. குழு, பிறர் இரண்டும் பழையபடியே. விண்டோஸின் பிழை எண் 5ஐ (‘ஆக்சஸ் டினைட்’) தொடவில்லை, அங்கே ‘அணுகல்’ என்ற சொல்லை முதலில் பேசித் தீர்க்க வேண்டும். ‘நுழைவு’ கடவுச்சொல் கொடுத்து உள்நுழைவதோடு மோதுமோ என்று மட்டும் எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது, அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன் எழுதுங்கள், அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பார்க்கிறேன்.